ஆதே

எண்பத்தெட்டு கிலோ தோள்வரை ஒழுங்காக வந்துவிடும்.
தோளிலிருந்து தலைக்கு மேல்
ஒன்றரை முழம் இருக்குமா?
அந்த ஒன்றரை முழத்தில்தான்
கடப்பையில் ஒரு தடவை, கர்னூலில் இரண்டு தடவை
பாரைப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

போட்ட இரும்பு கொஞ்ச நேரம் தானாகக் குதிக்கும்.
அதை யாரும் பார்க்கமாட்டார்கள்.
நான் பார்ப்பேன்.

மெஹருன்னிசா திருப்பதியிலிருந்து பாசஞ்சரில் வந்தாள்.
வாணியம்பாடிக்காரி, விளையாட்டு மனவியல் படிக்கிறாள்.
என்னைவிட இரண்டு வயது பெரியவள்.
"நான் தூக்கியதிலேயே கனம் என் சூட்கேஸ்தான்" என்றாள்.
ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் ஜிம் ஒரு பழைய பாவு ஷெட்.
மூன்று பக்கமும் விசைத்தறி,
பேசினால் காதில் விழாது.
ஆகவே ஒரு தாளை நீட்டினாள்:
போட்டிக்கு முன் உங்கள் பதற்றம், ஒன்று முதல் ஐந்து வரை.
ஐந்து போட்டேன்.
ஆறு இல்லையா என்று கேட்டேன்.

மின்வெட்டு வந்து ஊரே ஊமையானபோது அவள் கேட்டாள்:
பாரின் கீழே நிற்கையில்
உனக்குள் பேசுவது எந்த மொழி?

யோசித்ததே இல்லை.
எண்ணுவது தெலுங்கு, பள்ளிக்கூடம் அப்படி.
திட்டுவது தமிழ், வீடு அப்படி.
தோளில் பார் நிற்கும் அந்த இரண்டு நொடி?
விட்டுவிடாதே, விட்டுவிடாதே.

தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னாள். எழுதினேன்.
நடுவில் ஒரு கோடு இழுத்தாள்.
"விட்டுவிடு முன்னால் நிற்கிறது,
ஆதே கடைசியில் ஓடி வருகிறது.
உனக்கு இருப்பது இரண்டு நொடி.
கை எதுவரைக்கும் கேட்டிருக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது.
பத்தொன்பது வருஷமாக என்னிடம் பேசப்பட்ட தமிழில்
ஆதே எப்போதும் கடைசியில்தான்.
ஓடாதே. சத்தமாகச் சிரிக்காதே.
காலை அகட்டி உட்காராதே.
பையன்கள் இருக்கும் ஜிம்முக்குப் போகாதே.
கடைசி எழுத்து வந்துசேரும் முன்பே
எல்லாவற்றையும் செய்திருக்கிறேன்.
பார் மட்டும்தான்
அந்தப் பழக்கத்தில் நஷ்டம்.

வேறு சொல் ஒன்று வை என்றாள்.
தள்ளு?
பஞ்சரான ஆட்டோவின் ஞாபகம் வந்தது.
பற?
எண்பத்தெட்டு கிலோவோடா?
மூன்று நாள் எதுவும் ஒட்டவில்லை.
நகரி மூக்கு மலைமேல் மேகம் உட்கார்ந்து எழுந்து போனது.
நாலாம் நாள் கரண்ட் திரும்பிய நொடியில்
சுவருக்கு அந்தப்பக்கம் முதல் நாடா பாய்ந்தது.
டக்.
இந்த ஓரத்தில் இருந்தது, அந்த ஓரத்தில் இருக்கிறது.
நடுவில் அது எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை.
தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை.
எடுத்துக்கொண்டேன்.
அதற்கு அவள் படிப்பில் ஒரு பெயர் உண்டாம்.
சொன்னாள்,
தறிகள் எல்லாம் ஓடத் தொடங்கியிருந்தன.

ஒங்கோல். ஏசி போட்ட அரங்கம், தறிச் சத்தம் இல்லாத ஊர்.
முதல் வாய்ப்பில் பழைய வார்த்தையே முந்திக்கொண்டது.
இரும்பு குதித்தது.
"எம். திலோத்தமா, ரெண்டோ பிரயத்னம்."
முட்டி நடுங்கியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.
பயம் நூறு கிராம்கூடக் குறையவில்லை.
தோளில் பார்.
டக்.
கைகள் அந்த ஓரத்தில் இருந்தன.

இரண்டு வெள்ளை விளக்கு, ஒன்று சிவப்பு.
இடது முழங்கை கொஞ்சம் மடங்கியதாம்.
இரண்டு வெள்ளை போதும்.
மூன்றாவதற்குத் தொண்ணூறு கேட்டேன். போட்டுவிட்டேன்.

திரும்பும் வண்டி கூடூரில் நின்றது.
அதே தாளின் புதுப் பிரதி:
போட்டிக்கு முன் உங்கள் பதற்றம்.
ஐந்து போட்டேன்.
"ஐந்தேவா?"
ஐந்தேதான். தூக்கும்போதும் ஐந்துதான் இருந்தது.
அவள் ரொம்ப நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, அந்தச் சத்தத்தை ஆய்வில் சேர்க்க வேண்டும்,
எந்த எழுத்தில் எழுதுவது என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
பேனாவை மூடினாள்.
இதுதான் என்றேன், திரும்ப ஒருதடவை மூடு.