ஐந்தாவதிலிருந்து தொடங்கியவன்

முதல் அறுபது பக்கத்தைப் பொறுத்துக்கொள்.
எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்.
அறுபது பக்கமும் ஒரு குமாஸ்தா
உப்பு மூட்டைகளை எண்ணுகிறான்,
மழை வருகிறது, மறுபடி எண்ணுகிறான்.
அறுபத்தோராம் பக்கத்தில்
ஒரு மூட்டை அவனைத் திருப்பி எண்ணும்.
அதற்குப் பிறகு உனக்குத் தூக்கம் கிடையாது.

மொத்தம் ஏழு பாகம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம்
இங்கே செல்லாது.
இரண்டைப் படித்துவிட்டு மூன்றை எடைபோடாதே.
அட்டைக்குள் இருக்கும் வரைபடத்தை நம்பாதே:
அதில் ஆறு மேற்கே ஓடுகிறது,
கதையில் அது
கோபம் வந்தால் மட்டும் ஓடும்.

பரிந்துரைத்தே பெயரைக் கெடுத்துக்கொண்டவள் நான்.
ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியோர்டில்
பதினோரு மணிக்கு விடியும் ஜனவரியில்
காட் மீனுக்கு முள் எடுக்கும் மேசையில்
என் இடப்பக்கம் வந்து நின்ற யாரையும் விட்டதில்லை.
குட்பியோர்க் முப்பதாம் பக்கத்தில் உறங்கிப்போனாள்.
லித்துவேனியாக்காரி ரசா, டிராகன் உண்டா என்றாள்,
இல்லை என்றதும்
கையுறையைக்கூடக் கழற்றாமல் திருப்பித் தந்தாள்.
அந்தப் பிரதியை முகர்ந்தால் இன்னும் தெரியும்.

விட்டோல்ட் நவம்பரில் வந்தான், எல்ப்லாங்கிலிருந்து.
மூன்றாம் நாள், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில்
கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினான்.
எழுத்துகள் போலிஷ்.
ஆனால் அந்த உப்புக் கதவை எனக்குத் தெரியாதா!
கட்டிப்பிடிக்கப் போனவள்
முதுகட்டையில் எண்ணைப் பார்த்தேன்.
ஐந்து.

ஐந்தா?
வாசல் இருக்க ஓட்டைப் பிரித்து இறங்குவாயா?

பேருந்து நிலையக் கடையில் இது ஒன்றுதான் இருந்தது,
என்றான், எங்கள் இருவருக்கும் பொதுவான
நொண்டி ஆங்கிலத்தில்.
பிறகு கேட்டான்:
யார் இந்த ஓர்வக்?
எல்லோரும் அவனுக்காக அழுகிறார்கள்.
மேசையில் ஒரு நாற்காலி, யாரும் உட்காருவதில்லை.
படகுக்காரி ஒரு கோட்டைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள்.
அவன் மட்டும் எங்கேயும் இல்லை.

கையில் கத்தி அப்படியே நின்றது.
ஓர்வக்!
நான்காம் பாகம், நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
குளியல் தொட்டியில் கிடந்து படித்தேன்,
தண்ணீர் ஆறிப்போனது தெரியவில்லை.
பதினொரு வருடமாக
எனக்கு அவன் அந்த ஒரு பக்கம்தான்.

என்னவென்று சொல்ல?
சீட்டி அடிப்பான், கேட்கச் சகிக்காது, என்றேன்.
பகடையில் தோற்பதற்காகவே ஏமாற்றுவான்.
இரண்டாம் பாகத்தில் பாலாடைக்கட்டி திருடி
பழியை எலிமேல் போட்டுவிட்டு
ராத்திரி எழுந்து போய்
எலியிடம் மன்னிப்புக் கேட்பான்.

விட்டோல்ட் மீன்தலைகளுக்கு மேல் குனிந்து சிரித்தான்.
அப்படியென்றால் எனக்கு
அவன் இனிமேல்தான் வரப்போகிறான்.

அக்காவிடம் சொல்லி முதல் நான்கையும் வரவழைத்தான்.
மலைப்பாதையைப் பனி மூடியதால்
பார்சல் மூன்று வாரம் எங்கோ கிடந்தது.
பிறகு தினம் ஒரு சேதி,
வெளியூர் போனவனிடமிருந்து வருவதுபோல:
இன்று ஓர்வக் குதிரையை விற்றுவிட்டான்.
இன்று ஓர்வக்குக்குப் பல்வலி.
இன்று படகுக்காரியிடம் கோட்டைக் கொடுத்தான்,
குளிருகிறது என்றாளாம்.

பல்வலியை நான் மறந்தே போயிருந்தேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று
இப்போது யாராவது கேட்டால்
நான் முன்புபோல் சட்டென்று பதில் சொல்வதில்லை.

நேற்று மதியம் நானூறைத் தொட்டுவிட்டான்.
பன்னிரண்டு பக்கம்.
அவனுக்கும் தெரியும் என்ன வருகிறதென்று,
எனக்கு முன்பே தெரிந்தவன் அவன்.
ஆனாலும் மேற்பார்வையாளரிடம் போய்
இந்த வார ஓவர்டைம் தாளில்
என் பெயருக்குக் கீழே
அவன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.
ஐந்து இரவும்.