இருபத்திரண்டு சென்டிமீட்டர்

மார்ச் பதினேழு, காலை.
ஹீயுமாத் தீவின் கரையிலிருந்து ஏழாவது கிலோமீட்டரில்
உறைந்த கடலில் துளையிட்டு
அளவுகோலை இறக்கினேன்.
பத்தொன்பது.
இருபத்திரண்டுக்குக் கீழே போனால்
கடல்மேல் சாலை கிடையாது.
தடுப்புக் கட்டையை நானே இழுத்துப் போட்டேன்,
பூட்டினேன்,
சாவியைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.

அந்தச் சாவி என்னிடம் இல்லாதிருந்தால்
என்று ஒரு வரி எழுதி
அடித்துவிட்டேன்.
இரும்பின் மேல் பழி போடக்கூடாது.

அக்கரையில் மெர்லே இருந்தாள்,
படகுத்துறைக் கடையில் காப்பி ஊற்றுபவள்.
குளிர்காலம் முழுக்க
அளந்து முடித்ததும் அங்கே போய் நிற்பேன்.
"இன்றைக்கு எவ்வளவு?" என்பாள்.
முப்பத்தொன்று. முப்பத்து நான்கு.
ஒருமுறை நாற்பது.
இருபது வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி,
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.
ஹெல்வே கேட்டதில்லையா?
கேட்டிருக்கிறாள், தினமும்,
"காலுறை நனைந்ததா?" என்று.
அது என் காதில் கேள்வியாக விழவில்லை.

"சாலையை மூடிவிட்டார்களாமே,
இன்று தனியாகத்தான் இருக்கிறேன்."
கைபேசியில் வந்தது அவ்வளவுதான்.
நடுவில் ஒரு காற்புள்ளி.
அதில்தான் வழுக்கினேன்.

இரவு பத்து. பூட்டைத் திறந்தேன்.
சீட் பெல்ட்டைக் கழற்றினேன்.
கடல்மேல் அதுதான் விதி,
உடைந்தால் குதிக்க வேண்டும்.
கண்ணாடியை இறக்கினேன்.
நிற்கக்கூடாது, அது இன்னொரு விதி.
நின்றால் கீழே தண்ணீர் யோசிக்கத் தொடங்கும்.
வழிகாட்ட நானே நட்டுவைத்த ஜூனிப்பர் கிளைகள்
விளக்கொளியில் ஒவ்வொன்றாக வந்து
முகம் திருப்பிக்கொண்டு போயின.
அடியில் எங்கோ நீளமாக ஒரு முனகல்.
பயமாக இருந்தது.
பொய் சொல்லமாட்டேன்,
நன்றாகவும் இருந்தது,
நாற்பத்தேழு வயதில்
உடம்பு மொத்தமும் விழித்துக்கொள்வது.

அவள் சமையலறையில்
கோட்டைக்கூட நான் கழற்றவில்லை.
இரண்டு கோப்பை, ஒரு மெழுகுவத்தி.
அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள்.
சட்டையின் அந்த நுனியில்
நிறம் பொருந்தாத ஒரு பொத்தான்,
ஹெல்வே அவசரத்தில் தைத்தது.
முக்கால் மணிநேரம்.
எழுந்தேன், வந்த வழியே திரும்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்,
வீட்டுக்கு ஏதோ பரிசு வாங்கிப் போகிறவனைப் போல.

தடுப்பைப் பூட்ட மறந்தேன்.

விடியலில் பக்கத்துப் பண்ணைப் பையன் தானெல்
திறந்த வழியைப் பார்த்தான்.
முந்தின மாலை விழுந்த மெல்லிய பனியில்
புது டயர்த் தடம்.
அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறான்:
"ஆர்வெட் போயிருக்கிறார்.
அவருக்குத் தெரியாத கடலா?"

ஏழாவது கிலோமீட்டர்.
காரைத் தூக்க ஏப்ரல் ஆனது.
அவனை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.
அவனுக்கும் பத்தொன்பதுதான்.

விசாரணைக்கு வீட்டுக்கே வந்தார்கள்.
நேற்றிரவு எங்கே இருந்தீர்கள்?
நான் வாய் திறக்குமுன்
ஹெல்வே சொன்னாள்:
"இங்கேதான். என் பக்கத்தில்."
குரல் நடுங்கவில்லை.
பன்னிரண்டரைக்கு நான் படியேறியபோது
விளக்கைப் போடாமல்
நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.
அவள் எதையும் கேட்கவில்லை.
நானும் ஏன் என்று கேட்கவில்லை.
பதிவேட்டில் "தடம்: யாருடையது எனத் தெரியவில்லை"
என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தானெலின் அம்மா இன்னமும்
சனிக்கிழமைதோறும் எங்களுக்கு முட்டை கொடுத்தனுப்புகிறாள்.
ஹெல்வே வாங்கிவைக்கிறாள்.
நான் தின்கிறேன்.

இப்போது கோடை. தார்ச்சாலை, காய்ந்த நிலம்,
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
கார்ட்லா சந்தைக்குப் போக
ஹெல்வே என் பக்கத்தில் ஏறி உட்காருகிறாள்.
சீட் பெல்ட் போடுவதில்லை.
வழி நெடுக கார் கூவிக்கொண்டே வருகிறது.
அவள் ஒரு கை கதவின் கைப்பிடியில்.
கண்ணாடியைக்
கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறாள்.