இரவல் போன பேரேடு

நாரின் ஆற்றங்கரையில்
நிலக்கரிக் கிடங்கில் கணக்கெழுதுகிறவன் நான்.
மூட்டை, தேதி, வாங்கியவர் பெயர், பாக்கிச் சில்லறை.
அந்தப் பேரேட்டைத்தான்
செவிலி நுர்ஜாத் இரவல் கேட்டாள்,
பிப்ரவரியில், எதற்கென்று சொல்லாமல்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம்
கறுப்புக் கோடு: நான் விற்ற மூட்டைகள்.
சிவப்புக் கோடு: அவளிடம் இருமி வந்த பிள்ளைகள்.
இரண்டும் கைகோத்து மேடேறின,
கைகோத்தே இறங்கின.

நெருப்பில்லாமல் புகையுமா என்றது கூட்டம்.
ஊராட்சித் தலைவர் தாலய்பெக் மட்டும் சிரித்தார்.
"குளிர் வந்தால் அடுப்பு எரியும்.
குளிர் வந்தால் மூக்கும் ஒழுகும்.
குற்றவாளி குளிர்தான் அம்மா,
அதன்மேல் வழக்குப் போடு."

நியாயமான கேள்வி.
நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்
அடுப்பில் இரண்டு கட்டி கூடுதலாகப் போட்டேன்.

மார்ச்சில் மறுபடி வந்தாள்.
இம்முறை கோடுகள் இல்லை, வீடுகள்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை தொட்ட
இரவுகளை மட்டும் பொறுக்கியெடுத்திருந்தாள்.
இடப்பக்கம் மின்சார ஹீட்டர் வைத்தவர்கள்,
வலப்பக்கம் கரி எரித்தவர்கள்.
ஒரே குளிர், ஒரே தெரு.
ஒவ்வோர் இருமலுக்கும் ஒரு புள்ளி.
இடப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும்.
வலப்பக்கம்
எறும்பு மொய்த்த சர்க்கரை.

அளவுகோலை யாரும் படிக்கவில்லை.
ஆளாளுக்குத் தங்கள் வீட்டைத் தேடினார்கள்.
ஜிபார் ஒரு புள்ளிமேல் விரல் வைத்து
"இது என் சாமத்தானே?" என்றாள்.
விரலை எடுக்கவில்லை.
பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"ஹீட்டர் வைத்தவன் வசதியானவன்,
அவன் பிள்ளைக்கு இறைச்சியும் கிடைக்கும்"
என்றார் தாலய்பெக், இப்போது சிரிக்காமல்.
"அதையும் பார்க்க வேண்டும்" என்று
தாளின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

நானும் தேடினேன்.
பாலத்தை ஒட்டிய வீடு. மூன்று புள்ளிகள்.
எனக்கு இரண்டு மகள்கள்தான்.
ஒருத்தி இரண்டு முறை போயிருக்கிறாள்.
வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.
ஒருவேளை சொல்லியிருப்பார்கள்.
நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

இன்று காலை ஜிபார் மூட்டை கேட்டு வந்தாள்.
பனி விடவில்லை.
ஹீட்டர் என்ன விலை என்றும் கேட்டாள்,
பதிலுக்குக் காத்திராமல் பணத்தை எண்ணினாள்.
நான் எழுதிக்கொண்டேன்:
மூட்டை, தேதி, பெயர், பாக்கி.

பிறகு, பேரேட்டின் ஓரத்தில்
நேற்றிரவு நானே கீறிய புதுப் பத்தியில்
வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
"எழுதிக்கொள், மூன்று" என்றாள்,
மூட்டையைத் தோளில் ஏற்றியபடி.