மகளுக்குத்தான்

குஹ்மோவிலிருந்து வடக்கே போகும் சாலையில்
மூடிவிட்ட பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம்
என் நூலக பஸ் நிற்பது பதினாறு நிமிடம்.
ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
எஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்பது
அலுவலகத்துக்கு நான் சொல்லும் காரணம்.
ஹீட்டர் ஓடினால்தான்
ஆள் வராத நிறுத்தங்களில்
ஓர் அத்தியாயமாவது படிக்க முடியும்.

முதலில் ஏறுவது ரைமோ செப்பானென்.
ஐம்பத்தாறு வயது. மரம் அறுக்கும் ஆலையில் ஃபிட்டர்.
பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்ப்பார்.
மீன்பிடிப் புத்தகங்களின் முன் மரியாதைக்கு ஒரு நொடி நின்றுவிட்டு
இளையோர் அலமாரிக்குப் போவார்.
"மகளுக்குத்தான்" என்பார், நான் கேட்காமலே.
மகளுக்கு முப்பத்தொன்று. ஓஸ்லோவில் பல் மருத்துவர்.
இந்தச் சாலை முழுக்கத் தெரிந்த விஷயம்.
ஸ்கேனர் பீப் என்னும்.
மூன்று குளிர்காலமாக அதுதான் எங்கள் பேச்சு.

ஒரே ஒருமுறை, கையுறையை மாட்டியபடி
கதவைப் பார்த்துச் சொன்னார்:
"இதுல வர்றவங்க சொல்லிடறாங்க.
அந்தப் பொண்ணு 'பயமா இருக்கு'ன்னு
பதினோரு தடவை சொல்றா. எண்ணினேன்.
ஆலையில முப்பது வருஷம். ஒருத்தனும் சொன்னதில்ல.
விரல் போனவன்கூட."
பிறகு அவசரமாக,
"மகள் சொன்னா."

பெரியவர்களுக்கான நாவல்கள் எதிர்ப்பக்கம்.
அவற்றில் முதல் பக்கத்திலேயே எல்லோரும் களைத்திருப்பார்கள்.
வீட்டுக் கடன், ஈரல், பேசாத அண்ணன்.
நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள்;
பொறுப்பாகச் சுமந்துகொண்டு போகிறேன்.
எனக்கு நாற்பத்து நான்கு.
இன்னும் எதிலும் கையெழுத்துப் போடாத ஒருத்தி
நள்ளிரவில் படகின் கயிற்றை அவிழ்க்கும் பக்கத்தில்
ஒவ்வொரு முறையும் என் காபி ஆறிப்போகிறது.
சிறுபிள்ளைத்தனம் என்கிறார் தலைமை நூலகர்.
இருக்கட்டும்.
சிறுபிள்ளையாய் இருந்தபோது என்னிடம் படகு இல்லை.

வில்யாவுக்குப் பதினைந்து.
புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுத்தான் வணக்கம்.
"முத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கறான் இவன்.
எங்க ஸ்கூல்ல யாரு கேக்கறா?
சும்மா எழுதிடறாங்க."
அடுத்த வாரம் அதே ஆளின் இன்னொரு புத்தகம் வேண்டும்.
கேட்டால், "பாக்கலாம், இதுலயாவது உண்மையா இருக்கானான்னு."

"எனக்கு முன்னாடி இதையெல்லாம் யார் படிக்கறா?"
"சொல்லக்கூடாது."
"கிரீஸ் வாசனை வருது.
நாற்பத்தொன்னாம் பக்கத்துல கறுப்பா கட்டைவிரல்.
அவ அம்மாவை விட்டுட்டுக் கிளம்பற இடத்துல
தாள் நனைஞ்சு காஞ்சிருக்கு."
"பனி விழுந்திருக்கும்."
"உப்புப் பனி," என்றாள். இறங்கிப் போனாள்.

நேற்று மூன்றாம் பாகத்தைத் திருப்பித் தர வந்தாள்.
மொத்த வட்டாரத்துக்கும் ஒரே பிரதி.
வரிசையில் அடுத்த பெயர்
ஏற்கனவே பஸ்ஸுக்குள் நின்றிருந்தது,
கையில் ஒரு தூண்டில் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி.

நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.
அட்டையையே பார்த்தார்.
"மகளுக்கு… ரெண்டாம் பாகத்துக் கடைசியில இருந்து தூக்கமில்ல.
அந்த நாய்…"
மேலே வரவில்லை.

வில்யா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றிய கறுப்பை.
கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் இரைந்தது.

"உங்க மகள்கிட்ட சொல்லுங்க," என்றாள்,
"நாய் சாகாது."

"சொல்றேன்," என்றார்.
தோள் இரண்டும் ஒரு விரற்கடை கீழே இறங்கின.
"நூத்தி எண்பதாம் பக்கம் மட்டும்
ராத்திரியில படிக்க வேணாம்னு சொல்லுங்க."
"அதையும் சொல்றேன்."

பத்தொன்பது நிமிடம் நின்றுவிட்டேன்,
அடுத்த நிறுத்தத்தில் திட்டு வாங்கினேன்.
யாரிடமும் சொல்ல முடியாத குறை ஒன்று எனக்கு:
இரண்டாம் பாகம் என் இருக்கைக்கு அடியில்,
பாதியில் கவிழ்த்து வைத்தபடி கிடக்கிறது.
நான் விட்ட பக்கத்தில்
அந்த நாய்
இன்னும் பனியில் குதித்து விளையாடிக்கொண்டிருக்கிறது.