ஆறு திருகாணிகள்

முதலில் பசை போலத்தான் இருக்கும்.
குளியலறைச் சன்னலோரம் பூசுவோமே சிலிகான்,
அதன் ஒன்றுவிட்ட தங்கை.
ஆல்கஹாலில் கரைத்து
சுண்ணாம்புத் தூள் சேர்க்கிறேன், மைதாவைவிட நைசாகச் சலித்தது.
பாஸ்பேட் கொஞ்சம்.
வெங்காரம் மூன்று சிட்டிகை என்று எழுதினால்
துலானி சிரிப்பான்:
அவன் தராசு நான்காம் தசமத்துக்குக் குறைந்து பேசாது.

இந்தப் பிசினைத் தனியே சுட்டால்
உள்ளிருப்பது புகையாய்ப் போய், மீதி சுருங்கி
வற்றிய குளத்துச் சேறு மாதிரி பிளக்கும்.
தூள் இருந்தால் பிளக்காது.
பந்தி தொடங்குமுன்
நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைப்பார்களே,
அப்படி நடுநடுவே இடம் பிடித்து வைக்கும்.
சூடு ஏற ஏற
அதுவும் கரைந்து உள்ளே கலந்துவிடும்.

முந்நூற்றைம்பதில் வெங்காரம் தன் நீரைக் கக்க
எல்லாம் நுரைக்கும்.
எனக்கு வேண்டியது அந்த ஓட்டைகள்தான்.
குடிவரும் செல்லுக்கு வாசல் வேண்டும்,
ரத்தக்குழாய்க்குச் சந்து வேண்டும்.

மாலை ஆறுக்கு மின்வெட்டு, நான்காம் கட்டம்,
டர்பன் முழுக்க.
அதனால் விடியுமுன் இரண்டு மணிக்கே உலையை ஏற்றினோம்.
தொள்ளாயிரம் என்று சிவப்பு எண் நின்றபோது
துலானி என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
அமைதியாயிருங்கள் என்பதுதான் அவன் பெயருக்கே பொருள்.

போன வியாழன்
கிளேர் எஸ்டேட் தகனசாலையில்
பொத்தானை அழுத்தப்போனவரிடம் கேட்டேன், எத்தனை பாகை என்று.
தம்பியை உள்ளே வைத்துவிட்டுக் கேட்கிற கேள்வியா அது.
"எண்ணூறு, தொள்ளாயிரம். ஆளைப் பொறுத்து மேடம்."

குணசாகரன்.
மேய்டன் வார்ஃபில் கிரேன் ஓட்டினவன்.
கண்டெய்னர் உரசி முழங்காலுக்குக் கீழே நொறுங்கியபின்
பதினொரு வருஷம் டைட்டேனியத்தோடு நடந்தான்.
மழைக்கு முந்தின நாள் கால் சொல்லிவிடும்,
வானொலி மறுநாள்தான் சொல்லும்.
"அக்கா, உன் கல்லு எப்ப ரெடி?"
ரெண்டு வருஷம் என்பேன்.
ஒவ்வொரு வருஷமும்
ரெண்டு வருஷம்.

காடாற்றுக்குப் போனபோது
எலும்பு ஒரு டப்பாவில் இருந்தது.
ஜிப் பையில் தனியாக
தட்டும் ஆறு திருகாணியும், சூட்டில் நீலம் பூத்து.
சடங்கு செய்தவர் டப்பாவுக்குப் பால் தெளித்தார்.
பையைப் பார்த்தார்.
அதற்கு மந்திரம் இல்லை.
உம்கேனி கடலில் சேரும் இடத்தில் தம்பியைக் கரைத்தோம்.
பை என் கைப்பையிலேயே திரும்பி வந்தது.

உலை ஆறியதும் துலானி கதவைத் திறந்தான்.
வெள்ளை நுரை, பொரித்த அப்பளம் மாதிரி;
சுண்டினால் பீங்கான் சத்தம்.
மூன்றில் இரண்டு விரிசல்.
தப்பிய ஒன்றை
ரத்தத்தின் உப்புகள் மட்டும் கலந்த நீரில் போட்டு
முப்பத்தேழு பாகையில் ஏழு நாள் விட்டோம்.

எட்டாம் நாள் நுண்ணோக்கியில்
காலிபிளவர் மொட்டு போல, ஒட்டி ஒட்டி:
அபடைட்.
எலும்பின் அதே உப்பு.
உயிரில்லாத நீரில் உயிரில்லாத கல்
எலும்பாகப் பழகிக்கொண்டிருந்தது.

தட்டின் வேலையை இது செய்யாது, தெரியும்.
ஆள் பாரத்தைத் தாங்காது.
நொறுங்கிய இடத்துக் குழியில் உட்கார்ந்து
மெல்ல மெல்லத் தன்னை விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான்.
ஆனால் டப்பாவில்
எது கல் எது குணசாகரன் என்று
யாராலும் பிரித்திருக்க முடியாது.

அறிக்கையில்,
"ஊக்கமளிக்கிறது. மறுபடி செய்ய வேண்டும்" என்று எழுதினேன்.

துலானி கிளம்பியபின்
இழுப்பறையைத் திறந்து ஒரு திருகாணியை மட்டும்
அவன் தராசில் வைத்தேன்.
முதல் மூன்று தசமம் நின்றது.
நான்காவது நிற்கவில்லை,
நாலு, ஏழு, நாலு, ஐந்து,
என் மூச்சுக்கோ எதற்கோ ஆடிக்கொண்டிருந்தது.
மூச்சைப் பிடித்தேன்.
மணி ஆறு.
எண் அணைந்தது.