பிடரிச் சாட்சி

நாற்பது டன் பெட்டியைத்
தேநீர்க் கோப்பை வைப்பதுபோல் வைப்பேன்.
ஐந்து கிலோத் தலையை
எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

பாசிர் பாஞ்சாங் முனையம். கிரேன் அறை.
காலடியில் கண்ணாடித் தரை.
பதினோரு வருடமாக
இரண்டு பாதங்களுக்கு நடுவே குனிந்து
கடலைப் பார்க்கிறவன் நான்.
அவ்வளவு உயரம் ஏறிப் போய்க்
கீழே பார்க்கிற வேலை.
வானம் எப்போதும் பிடரிப் பக்கம்தான் இருக்கும்.

பலதுறை மருந்தகத்தில் ஹஸ்லிண்டா
பிளாஸ்டிக் மண்டையோட்டைக் கவிழ்த்துக் காட்டினாள்.
மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடுக்கில்
நான்கு இணைத் தசைகள்,
சுண்டுவிரலைவிடச் சின்னவை.
இரண்டு நேராக, இரண்டு சாய்வாக.

நான்கு மூலைக்கு நான்கு பூட்டு,
இது எனக்குத் தெரிந்த கணக்கு என்றேன்.
அவ்வளவு ஒழுங்கெல்லாம் இல்லை என்றாள்.
ஒன்று மண்டையைத் தொடுவதே கிடையாது;
முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவிலேயே
தன் வேலையை முடித்துக்கொள்கிறது.
'மாட்டேன்' என்று தலை திரும்புவதில்
அதற்குப் பெரிய பங்கு.
இருப்பதிலேயே குட்டையானது
உள்ளே ஒரு நாரை நீட்டி
மூளையைச் சுற்றிய உறையைப் பிடித்திருக்கிறது.
எதற்கு?
இன்னும் சரியாகத் தெரியாது என்றாள்.
அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.
மற்ற மூன்றும் சேர்ந்து வகுத்த முக்கோணத்தின் ஆழத்தில்
ஒரு ரத்தக்குழாய்
வளைந்து, தயங்கி, மேலே போகிறது.

"கண்ணை மூடுங்கள்.
கட்டைவிரல் இரண்டும் இங்கே.
தலையை அசைக்காமல்
இமைக்குள்ளேயே இடப்பக்கம் பாருங்கள். இப்போது வலம்."

விரலுக்கடியில் ஏதோ புரண்டது.
தலை கல்லாகத்தான் இருந்தது.
உள்ளே மட்டும்
அலை வந்து போகையில் கப்பலின் கட்டுக்கயிறுபோல்
இறுகல், தளர்தல்,
இறுகல்.

"கண் போனால் பின்னாலேயே தலையும் வருமென்று
இவை தயாராகிவிடும்.
தலை வராவிட்டாலும்."
சொல்லிவிட்டுத் துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

எனக்குப் போன செவ்வாய் நினைவு வந்தது.

வட்டப் பாதை ரயில்.
டெலோக் பிளாங்காவில் ஏறினான் தவசீலன்.
என் இடப்பக்கக் கம்பியைப் பிடித்தான்.
ஆறு வருடம் பக்கத்துக் கிரேன்;
இரவுப் பணியில் அவன் கொட்டாவி
வானொலிக் கருவி வழியாக என் வாய்க்குத் தொற்றும்.
பிறகு ஒரு நாலாயிரம் வெள்ளி.
பிறகு அவன் சொன்ன ஒரு வார்த்தை.
அதற்கு நான் சொன்ன ஏழெட்டு.
அவன் இருக்கும் திசையில்
தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று
மூன்று வருடமாகச் சொல்லித் திரிகிறேன்.

கைப்பேசியைப் பார்த்தபடி நின்றேன்.
திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.
அன்றிரவு மல்லிகாதேவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அப்படியானால் எப்படித் தெரியும்,
அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டதும்
மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்ததும்
நெகிழிப் பையில் ஒரு கட்டுக் கங்கோங்
தலைகீழாக வாடிக்கொண்டிருந்ததும்?

கண் போயிருக்கிறது.
கண் போனதும் நான்கு இணையும்
எழுந்து நின்றிருக்கின்றன.
மேலிருந்துதான் உத்தரவு வரவில்லை.
லாப்ரடோர் பார்க், பாசிர் பாஞ்சாங்.
நான் இறங்க வேண்டிய நிலையம் அது.
இறங்கவில்லை.
ஹா பார் வில்லாவில் அவன் இறங்கினான்,
கதவு மூடிற்று.

கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன்.
முகத்துக்கு விட்ட ஓட்டை வழியாகத்
தரை தெரிந்தது.
இங்கேயும் கீழேதான்.

"வலி எந்தப் பக்கம் அதிகம்?"
இடது.
"வேலையில் இடப்பக்கம்தான் நிறையப் பார்ப்பீர்களோ?"

ஆமாம், கிரேன்தான் என்றேன்.
கண்ணாடித் தரையில் இடம் வலம் கிடையாது,
கீழ் மட்டும்தான்.
அவளுக்கு அது தெரிய நியாயமில்லை.
அவள் விரலுக்கடியில் இருந்தவற்றுக்குத் தெரியும்.