எந்தப் பிரிவு

ஹவ்காங் சமூக மன்றத்தில்
பதினைந்து நிமிட மேடைக்கு
மூன்று கட்டம் போட்ட படிவம்:
மேற்கத்தியம், இந்தியம், சீனம்.
ஒன்றில் மட்டும் சரிக்குறி இடவும்.

வயலின் பெட்டியைக் காலிடுக்கில் நிறுத்தி
பேனாவைத் திறந்து மூடுகிறேன்.
வயலின்தானே, மேற்கத்தியம் போடுங்கள் என்கிறாள்
முகப்பிலிருக்கும் ரோஸ்நானி.
பிறகு
பூங்கோதை ஹுய்லிங் அரங்கநாதன் என்று
என் பெயரை வாசித்து
என் முகத்தை வாசித்து
பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள்.

வாங்கிய நாளில் கடைக்காரர்
விரற்பலகையில் நாலு வெள்ளைப் பட்டை ஒட்டித் தந்தார்.
பிள்ளை விரல் இங்கே படட்டும், இங்கே, இங்கே.
நடுவில் பட்டால் அபசுரம்.
எனக்கு ஆறு வயது.
வீணைக்கு மெட்டு உண்டு, வயலினுக்கு இல்லை
என்பதை யாரும் சொல்லவில்லை.
இந்த ஊர்ப் புழுக்கத்தில் பட்டைகள் நழுவின.
பசை போகவில்லை.
மூன்றாம் விரல் இன்றும்
அங்கே ஒரு நொடி ஒட்டித்தான் புறப்படுகிறது.

பள்ளியில் தாய்மொழிப் பாடம் என்றால்
எனக்கு அது அப்பாவின் மொழி.
என் கட்டுரைகளின் அடியில்
அம்மா லிம் சியூ எங்
சிவப்பு மை எத்தனை இடம் என்று எண்ணிவிட்டுக்
கையெழுத்திடுவாள்.

தேக்காவில் பூ கேட்டால்
ஆங்கிலத்தில் விலை வரும்.
முழத்துக்கு ஐம்பது காசு குறைங்க என்றால்
‘அட, நல்லாத் தமிழ் பேசுறீங்களே!’
பாராட்டுத்தான்.
விருந்தாளிக்கு நாற்காலி போடுவதும்
அன்பால்தான்.

சீனப் புத்தாண்டு மேசையில்
மாமா பிள்ளைகள் எனக்காகத்
தியோச்சியூவை மெதுவாக்குவார்கள், சத்தமாக்குவார்கள்,
மறந்துபோய் வேகமெடுப்பார்கள்.
அரைத்தாளம் பிந்திச் சிரிப்பேன்.
அத்தை ஒருத்தி கலப்பு என்பாள்.
அவள் வாயில் அது
கலப்படத்துக்கு அடுத்த வீடு.

தரையில் அமர்ந்து
வாத்தியத்தின் தலையைக் கணுக்காலில் ஊன்றியும் வாசிப்பேன்.
நின்று, தாடைக்குக் கீழே இடுக்கியும்.
கழுத்தில் ஒரு காய்ப்பு, கணுக்காலில் ஒரு காய்ப்பு.
இரண்டும் ஒரே மரம் தந்தது.

இதையெல்லாம் ரோஸ்நானியிடம் எப்படிச் சொல்வது?
இன்னொன்றையும் எப்படிச் சொல்வது:
இரண்டு தந்திகளை ஒரே வில்லில் இழுத்து
விரலை மயிரிழை நகர்த்தி
இன்னும் அரை மயிரிழை நகர்த்தி
இடம் வாய்த்துவிட்டால்
அடியில் மூன்றாவதாய் ஒரு சுரம் எழும்.
அதற்குத் தந்தி கிடையாது.
நான் வாசிப்பதுமில்லை.
என் இடது காதோரம்
பத்து மாடிக்கு அப்பால் ஓடும் மின்தூக்கிபோல்
தாழ்ந்து முனகும்.
அறைக் கதவுக்கு அந்தப் பக்கம்
அது இருந்ததாகவே தெரியாது.
நேற்றிரவு எழுந்தது.
மேல்வீட்டார் நாற்காலியை இழுத்ததும்
போய்விட்டது.

பிரிவு.
தமிழில் அது வகைக்கும் பெயர்
விட்டுப்போவதற்கும் பெயர்.
மூன்று கட்டத்தையும் வெறுமனே விட்டுக்
குறிப்புக்கான கோட்டின்மேல்
தனி வயலின் என்று எழுதுகிறேன்.

தமிழ் தெரியாத ரோஸ்நானி
அந்த எழுத்துகளைப் படம் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.
‘எங்கம்மா சீனக் குழந்தை.
மலாய் வீட்டுக்குத் தத்து வந்தவள்’ என்கிறாள்,
முத்திரையைத் தேடிக்கொண்டே,
மழை வரும்போல என்று சொல்லும் குரலில்.
நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள்
தொலைபேசி அடிக்கிறது.

பேசி முடித்து
முத்திரை குத்துகிறாள்.
சனிக்கிழமை ஏழு மணி. ஒலிபெருக்கி பழுது.
வேறு ஏதாவது வேண்டுமா?

என் முறை வரும்போது
மின்விசிறிகளை நிறுத்த முடியுமா?

எல்லாவற்றையுமா? வேர்க்குமே.

வேர்க்கட்டும்.